மூன்று ராத்திரி ஊற்று

அத்தியாயம் 11

போன வாரம் பேராசிரியர் மயில்சாமியை மெட்ராஸில் ரயிலேற்றிவிட்டோம். மனுஷன் கண்ணை மூடினாரோ இல்லையோ, சேலத்தில் இறங்கும்போது இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. அங்கிருந்து நாமக்கல் பஸ். பக்கத்து சீட்டுக்காரர், "எந்த ஊருங்க, என்ன உத்தியோகமுங்க?" என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். காலேஜில் நீரியல் பேராசிரியர் என்று பெருமையாகச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அந்த வார்த்தை அவர் நாக்கில் ஏறவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சட்டைப் பையில் சேலம் என்ஜினீயர் கிறிஸ்துராஜின் கடிதம் இருந்தது. நாலு நாளாக மடித்து மடித்துப் பிரித்ததில் மடிப்பெல்லாம் நைந்துவிட்டது. கிறிஸ்துராஜ் இவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்ஜினீயரிங் படித்தவர்.

"உன் ஊர் வேலங்காட்டுப்பாளையத்தில் முப்பத்தெட்டுக் கிணறுகளை இன்னும் இருபதடி ஆழமாக்கி, எல்லாவற்றுக்கும் கரண்ட் மோட்டார் வைக்கப் போகிறோம். எல்லாம் உன் ஆராய்ச்சிப் புத்தகத்தை நம்பித்தான். ஒரு ராத்திரிக்கு எட்டடி ஊற்று என்று நீதானே அளந்து எழுதினாய்? புதன்கிழமை கூட்டத்துக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ."

எட்டடி. அந்த எட்டடியால்தான் மயில்சாமிக்கு டாக்டர் பட்டம் வந்தது, நாற்பது வயசுக்குள் பேராசிரியர் நாற்காலி வந்தது. அந்த எட்டடி பொய் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் அவர். இன்னொருவர் அவருடைய அண்ணன் செங்கோட்டையன்.

சம்சாரம் ராமாத்தாளிடம், "ஊரில் மாரியம்மன் நோம்பி, போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தார். எந்த மாரியம்மனுக்கு வைகாசிக் கடைசியில் நோம்பி சாட்டுகிறார்கள் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டாளே என்பதும் இவருக்கு உறுத்தியது.

பஸ் நிறுத்தத்தில் இறங்கினால் ஊருக்குள் ஒரு மைல் நடை. மணி எட்டுதான். அதற்குள் வெயில் உச்சந்தலையில் உறைத்தது. போன வருஷமும் மழை இல்லை, இந்த வருஷமும் இதுவரை இல்லை. சோளம் கூட முளைக்காமல் காடெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

எதிரே வந்த சின்னண்ணன் என்கிற ஊர்க்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றார். இவரைவிடப் பத்து வயசு மூத்தவர். மூன்று ஏக்கராவும் ஒரு கிணறும்தான் அவருக்கு ஆஸ்தி.

"வாங்க சாமி, வாங்க! கையெழுத்துப் போட நீங்களே வாரீங்கன்னு உங்கண்ணன் சொன்னாப்ல. எங்க நல்ல காலந்தானுங்க."

"நல்லா இருக்கீங்களாண்ணா?"

"இருக்கறனுங்க. கவலை எறைக்கற மாட்டைப் போன சந்தையில வித்துப்போட்டனுங்க. இனி மாடு எதுக்குங்க, கரண்டுதானே எறைக்கப் போகுது! நேத்தே வெடிக்காரனைக் கூட்டியாந்து கெணத்துப் பாறையில நாலு குழி அடிச்சுப் போட்டேன்."

பேராசிரியர் கைப்பையைக் கீழே வைத்தார்.

"வித்துட்டீங்களா? ரெண்டையுமா?"

"ரெண்டையும்தானுங்க. ஒத்தை மாட்டை வெச்சு என்ன பண்றது?" என்று சிரித்தார் சின்னண்ணன். சிரிப்பில் ஒரு கள்ளங்கபடம் இல்லை. இருந்திருந்தாலாவது இவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விஷயம் என்னவென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் மயில்சாமி சாதாரண லெக்சரர். பாறைப் பூமியில் கிணறுகள் எப்படி ஊறுகின்றன என்று டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. ஊரில் பன்னிரண்டு கிணறுகளைத் தேர்ந்தெடுத்தார். ஏற்பாடு மிகச் சுலபமானது. தினமும் போலச் சனிக்கிழமை சாயங்காலம் மாடு பூட்டி, தண்ணீர் மொள்ளும் தோல் சால் தரையைத் தட்டும் வரைக்கும் கவலை இறைத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை இவர் வந்து டேப்பை இறக்குவார். அடியிலிருந்து எத்தனை அடி தண்ணீர் நிற்கிறதோ அதுதான் ஒரு ராத்திரி ஊற்று. மாதம் ஒரு தடவை, இரண்டு வருஷம்.

"நேத்துச் சாயங்காலம் சுத்தமா எறைச்சாச்சுங்களாண்ணா?" என்று கேட்பார். "எறைச்சாச்சு, எறைச்சாச்சு" என்பார் செங்கோட்டையன். இவர் அளப்பார், நோட்டில் எழுதுவார், நங்கையா என்று அவர் கூப்பிடும் அண்ணி வார்க்கிற கம்மங்கூழைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறுவார்.

ஒரு சித்திரை மாதம். அண்ணன் கிணற்று மேட்டில் நின்று டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தவர், சும்மா கையை ஊன்றுவதற்காகச் சாலைத் தொட்டார். சாலின் தோல் காய்ந்து விறைத்துக் கிடந்தது. நேற்று சாயங்காலம் தண்ணீரில் முங்கி எழுந்த தோல் விடிவதற்குள் இப்படிக் காயாது. வாய்க்காலைப் பார்த்தார். மண் வெடித்திருந்தது. மாடு நடக்கிற வாரியில் சாணி வரட்டியாகக் காய்ந்திருந்தது. இரண்டு நாளாவது அந்தக் கிணற்றில் யாரும் இறைக்கவில்லை. மூன்று ராத்திரி ஊறிய தண்ணீரை ஒரு ராத்திரி ஊற்று என்று அண்ணன் காட்டுகிறார்!

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மாடு மேய்க்கிறவனுக்கே தெரியும். இவருக்கும் அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நோட்டை எடுத்து எட்டடி என்று எழுதினார்.

ஏன் என்று கேட்கிறீர்களா? ஆராய்ச்சியை ஒப்படைக்க நாலு மாதம்தான் பாக்கி. அண்ணனைக் கேட்டால் அந்த இரண்டு வருஷக் கணக்கும் குப்பைக்குப் போகும். பன்னிரண்டில் ஒரு கிணறுதானே, மற்றது பதினொன்று இருக்கிறதே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். அந்தச் சமாதானம் ஆறு வருஷம் தாங்கியது. கிறிஸ்துராஜின் கடிதம் வந்த அன்றைக்குத்தான் அறுந்தது.

அண்ணனிடம் தனியாகப் பேசிவிட வேண்டும், பிறகு கிறிஸ்துராஜிடம் சொல்லி அந்த ஒரு கிணற்றைக் கணக்கிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். இதுதான் அவர் ரயிலில் போட்டுக்கொண்டு வந்த திட்டம்.

வீட்டில் அண்ணன் இல்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போடப் போயிருந்தார். அண்ணன் சம்சாரம் பொன்னாத்தாள் களத்தில் உட்கார்ந்து ஆமணக்கு முத்து உடைத்துக்கொண்டிருந்தாள். கொழுந்தனைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க தம்பி. என்ன இப்படி எளைச்சுப் போய்ட்டீங்க? அங்க ராமாத்தா சோறு போடறாளா, புஸ்தகத்தைப் போடறாளா?"

"நல்லாத்தான் போடறா நங்கையா."

மோர் வந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். நாற்பத்திரண்டு வயசு மனுஷன், நூறு மாணவர்களை உட்கார வைத்துக் கரும்பலகையில் எழுதுகிறவர், நங்கையா முன்னால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன் மாதிரி நின்றார்.

"நங்கையா, ஒண்ணு கேக்கோணும். மறைக்காமச் சொல்லோணும்."

"கேளுங்க."

"நான் டேப்புப் போட்டு அளக்க வந்துட்டிருந்தேனே. அப்ப நம்ம கெணத்துல அண்ணன் ரெண்டு நாள் எறைக்காமப் போட்டு வெச்சிருந்தாரு. இல்லீங்களா?"

பொன்னாத்தாள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், கையில் இருந்த ஆமணக்கு முத்தெல்லாம் சிதறிப் போயிற்று.

"அட, இத்தனை வருசங்கழிச்சு இப்பத்தான் தெரிஞ்சுதா! நம்ம கெணத்துல மட்டுமா? பன்னெண்டு கெணத்துலயும்தான்."

பேராசிரியர் கையில் இருந்த செம்பு நழுவித் தரையில் உருண்டது.

"பன்னெண்டுலயுமா?"

"பின்னே? உங்கண்ணன் ஊடு ஊடாப் போய்ச் சொல்லி வெச்சிருந்தாரே. தம்பி அளக்க வர்ற வாரத்துல வெள்ளி, சனி ஒருத்தரும் மாடு பூட்டக்கூடாதுன்னு. சித்திரையில எங்க மொளகா நாத்து பூராவும் வாடிப்போச்சு. சின்னண்ணன் ஊட்டுப் பருத்தி கருகியே போச்சு. யாராவது வாயைத் தொறந்தோமா? நம்ம மயிலு பரிச்சையில பெயிலாயிரக் கூடாதுன்னு இருந்தோம்."

"பரிச்சையா?"

"பரிச்சைதானே அது? கெணத்துல தண்ணி நெறைய நின்னா நெறைய மார்க்கு. கொறைஞ்சா பெயிலு."

சிரிப்பு வரவேண்டிய பேச்சுத்தான். அவருக்கு அழுகை வந்தது. ஒரு கிணறு என்று நினைத்து மனசைக் கட்டிக்கொண்டு வந்தவருக்குப் பன்னிரண்டு கிணறும் வாயைத் திறந்து காட்டின. புத்தகம் முழுவதும், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பொய். அந்தச் சித்திரையில் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் வெளியே வந்திருக்கும். கேட்காமல் விட்டது தன் பேராசை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"யாரு சொன்னது நங்கையா இப்படி? நான் எப்பவாச்சும் பரிச்சைன்னு சொன்னனா?"

"நீ சொல்லலை. உன்ற மொகந்தான் சொல்லுச்சு" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

செங்கோட்டையன் வந்து நின்றிருந்தார். ஊருக்குப் பெரிய கவுண்டர். ஆள் ஆறடி. தோளில் சலவைத் துண்டு. கூட்டத்துக்காகப் புதுச் செருப்பு வேறு போட்டிருந்தார்.

"மொத மாசம் நீ வந்து அளந்தப்ப நாங்க நெசமாத்தான் எறைச்சு வெச்சிருந்தோம், மயிலு. எத்தனை அடின்னு நீ டேப்பைப் பாத்த. ரெண்டே முக்கால் அடி. உன்ற மொகம் அப்படியே சுண்டிப் போச்சு. கூழு குடிக்காம பஸ் ஏறிட்ட. ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்குல."

மயில்சாமிக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஆமாம், சுண்டித்தான் போயிற்று. அவருடைய காலேஜ் பெரியவர், 'உங்கள் பூமியில் நல்ல ஊற்று இருக்கும், பார்' என்று சொல்லி அனுப்பியிருந்தார். ரெண்டே முக்கால் அடியைப் பார்த்ததும் ஆராய்ச்சியே போச்சு என்று மனசு விட்டுப் போயிற்று. அடுத்த மாதம் ஏழரை அடி நின்றபோது முதல் மாதத்து அளவைத் தவறாக அளந்துவிட்டோம் என்று அவரே அடித்துவிட்டார்.

"அண்ணா, நான் கெணத்துக்கு மார்க்குப் போட வரலைங்கண்ணா. இருக்கறத இருக்கறபடி எழுதறதுக்குத்தான் வந்தேன். ரெண்டே முக்காலுன்னா ரெண்டே முக்கால்னு எழுதியிருந்தாலும் பட்டம் குடுத்திருப்பாங்க."

செங்கோட்டையன் சலவைத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குடுத்திருப்பாங்களா?"

"குடுத்திருப்பாங்க."

"அடப் பாவமே!" என்றார் அவர். தம்பிக்காகவா, ஊருக்காகவா, கருகிப்போன பருத்திக்காகவா என்று தெரியவில்லை. "எங்களுக்கு என்னடா தெரியும்? தண்ணிப் படிப்புன்னா தண்ணியைக் காட்டினாத்தான் பாஸுன்னு நெனைச்சோம்."

"நீங்க தெரியாமப் பண்ணுனீங்க. நான் தெரிஞ்சு எழுதினேன். சித்திரையில சாலைத் தொட்டுப் பாத்தேன். காஞ்சு கெடந்துச்சு. பாத்துட்டும் எட்டடின்னு எழுதினேனுங்கண்ணா."

பொன்னாத்தாள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்றார் அண்ணன்.

"கூட்டத்துல சொல்லப் போறேன். இருபதடி தோண்டினாலும் ஊத்து ரெண்டே முக்காலுக்கு மேல வராது. மோட்டாரு அரை மணி நேரத்துல காத்தைத்தான் உறிஞ்சும். முப்பத்தெட்டுக் குடும்பம் நெலத்தைக் கடனுக்கு எழுதி வெச்சு இந்தக் கல்லைத் தோண்டப் போகுது."

"வேண்டாம் மயிலு. சொன்னா உன்ற வேலை என்னாகும்?"

"போகட்டும்."

"போகட்டும்னு நீ சொல்லிருவ. ராமாத்தாளும் கொழந்தைகளும்? உன்னைப் படிக்க வைக்கத்தானே இந்த ஊடே..." அண்ணன் மேற்கொண்டு பேசாமல் நிறுத்திக்கொண்டார். அவர் மூன்றாம் வகுப்போடு மாடு ஓட்டப் போனவர். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

பதினோரு மணிக்குக் கூட்டம். பள்ளிக்கூட ஓட்டுக் கட்டடத்துக்குள் அறுபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை பேண்ட், வெள்ளை சட்டை, நெற்றியில் வேர்வையோடு கிறிஸ்துராஜ் ஜீப்பிலிருந்து இறங்கினார். சேலம் பட்டணத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசை தப்பாதவர், பேச்சில் எப்போதும் ஒரு கலகலப்பு.

"மயில்! வந்துட்டியா! ஜனங்களே, உங்க ஊர்ப் பிள்ளை எழுதின புத்தகத்தாலதான் இன்னைக்கு உங்களுக்குக் கரண்ட் வருது. கையைத் தட்டுங்க!"

கைதட்டல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. முன் வரிசையில் சின்னண்ணன் இரண்டு கையும் வலிக்கத் தட்டிக்கொண்டிருந்தார். செங்கோட்டையன் கதவோரம் தள்ளி நின்றார், உட்காரவே இல்லை.

கிறிஸ்துராஜ் மேஜைமேல் காகிதத்தை விரித்தார். முப்பத்தெட்டுப் பேரின் கைநாட்டும் கையெழுத்தும் ஏற்கெனவே விழுந்திருந்தன. கீழே ஓரிடம் காலியாக இருந்தது.

மயில்சாமி பேனாவைத் திறந்தார், மூடினார். எழுந்து நின்றார்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க" என்றார். பேனாவை மேஜைமேல் வைத்தார். "என்ற புஸ்தகத்துல இருக்கற கணக்கு தப்பு. ஒரு ராத்திரிக்கு எட்டடி ஊறாது. மூணடி கூட ஊறாது. கணக்குத் தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் பட்டத்துக்காக எழுதிட்டேன். உங்க கெணத்தைத் தோண்டாதீங்க. கல்லுதான் வரும்."

பன்னிரண்டு கிணற்றுக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் வெள்ளி, சனி மாடு பூட்டாமல் விட்டதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களுக்கு அது புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்கள்.

யாராவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தார் மயில்சாமி. ஒருவரும் திட்டவில்லை. கடைசியில் சின்னண்ணன்தான் மெதுவாக எழுந்தார்.

"சாமி, நான் மாட்டை வித்துப்போட்டனுங்களே" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. அடுத்து என்ன செய்வது என்று படித்தவரைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். மயில்சாமிக்கு ஒருநாளும் அறியாத வெட்கம் காது மடல் வரைக்கும் ஏறிக் கொதித்தது. அந்த அறுபது பேரையும் ஏறிட்டுப் பார்க்க முடியாமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் கலைந்தது. போகும்போது ஒவ்வொருவரும், "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

கிறிஸ்துராஜ் அவரை ஜீப்பின் மறுபக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"மாதாவே! என்னப்பா இது? ஒரு வார்த்தை எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்."

"நாளைக் காலையில் நான் மேலே ரிப்போர்ட் அனுப்பியாகணும். திட்டம் ஏன் நிக்குதுன்னு காரணம் எழுதணும். 'பேராசிரியரே தெரிஞ்சு தப்பா எழுதினார்'னு நான் எழுதினா என்ன ஆகும் தெரியுமா? பட்டத்தைப் பிடுங்குவாங்க. வேலை போயிடும். உன் காலேஜ் பேரும் நாறும்."

"எழுது. அதுதான் நடந்தது."

"கொஞ்சம் பொறு. எப்படி அளவு தப்பாப் போச்சு? நீ மட்டும் எப்படி எட்டடியைக் கொண்டு வந்தே? டேப்பு என்ன ரப்பரா?"

கிறிஸ்துராஜ் விவரமான ஆள். நண்பனுடைய முகத்தைப் பார்த்தார், கதவோரம் நின்ற செங்கோட்டையனைப் பார்த்தார்.

"ஊர்க்காரங்க ஏதாவது பண்ணிட்டாங்களா? அப்படின்னா சொல்லுப்பா. அவங்க ஏமாத்தினதுல நீ ஏமாந்து போனேன்னு எழுதிடறேன். உனக்கு ஒரு கெடுதலும் வராது."

"ஊருக்கு?"

"ஊரு... சர்க்கார் கணக்கை ஏமாத்தின ஊர்னு ஃபைல்ல ஏறிடும். அப்புறம் கரண்டு, ரோடு, கிணறு, எந்தத் திட்டத்துலயும் இந்த ஊர்ப் பேரைச் சேக்க மாட்டாங்க."

"அவங்க ஒண்ணும் பண்ணலை" என்றார் மயில்சாமி. சொல்லிவிட்டு விடுவிடுவென்று வீட்டைப் பார்த்து நடந்தார். பின்னால் கிறிஸ்துராஜ் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்தவர் முன்கூடமான ஆசாரத்தில் கட்டிலில் சாய்ந்தார். ரயிலில் விட்ட தூக்கம் அப்படியே அமுக்கியது. கண் விழித்தபோது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. தூங்கிவிட்டோமே என்று ஒரு குற்ற உணர்ச்சி. பாவம் செய்தவனுக்குத் தூக்கம் எப்படி வந்தது என்று தன்னையே வைதுகொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

பொன்னாத்தாள் சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காலையில் இருந்த சிரிப்பும் கேலியும் அவளிடம் இல்லை.

"அண்ணன் எங்கீங்க நங்கையா?"

"சேலம் போயிட்டாரு. அந்த என்ஜினீயரு ஜீப்புலயே ஏறிட்டாரு."

"சேலத்துக்கா? எதுக்கு?"

அவள் சுளகைத் தட்டினாள்.

"எழுதிக் குடுக்கறதுக்கு. 'நாங்கதான் எறைக்காம வெச்சு ஏமாத்தினோம். தம்பிக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு ஊர் பெரியவரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதுமாம். உங்களுக்கு ஒண்ணும் வராதாம். என்ஜினீயரு சொன்னாராம். பன்னெண்டு பேருகிட்டயும் கேட்டாரு. எல்லாரும் சரின்னுட்டாங்க. சின்னண்ணன் முதல் ஆளாச் சரின்னாராம்."

மயில்சாமி கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

அந்த இடத்தில் அவருக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஐயோ என்று பதறி எழுந்து ஓடியிருக்க வேண்டும். நானும் அவரை அப்படியே ஓட வைத்திருப்பேன், பொய் எழுதத் தெரிந்திருந்தால். அவருக்கு முதலில் வந்தது நிம்மதி. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கிவிட்டது. வேலை இருக்கிறது, பட்டம் இருக்கிறது, ராமாத்தாளிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஊரார் முன்னால் உண்மையையும் சொல்லியாயிற்று. ஒரு பெருமூச்சு அவரை அறியாமலே வெளியே வந்தது.

அந்தப் பெருமூச்சைப் பொன்னாத்தாள் கேட்டுவிட்டாள். கை நின்றது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் சோறு போட்ட முகம். அதில் என்ன இருந்தது என்று அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் பார்த்துவிட்டாள் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"நங்கையா..." என்றார்.

அவள் அவரைப் பேச விடவில்லை. மறுபடியும் குனிந்து கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

"ரோட்டுல நாலரைக்குச் சேலம் பஸ்ஸு வரும், தம்பி. ஜீப்பு நாமக்கல் ஆபீசுல நின்னுட்டுத்தான் சேலம் போகுமாம். இப்பக் கெளம்புனீங்கன்னா உங்கண்ணன் கையெழுத்துப் போடறதுக்குள்ள போய்ச் சேந்துக்கலாம்."

ஒரு கல்லை எடுத்து வாசலில் எறிந்தாள்.

"போகலைன்னாச் சொல்லுங்க. ராத்திரிக்கு உங்களுக்கும் சேத்து அரிசி போடறேன்."

மயில்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பத்து. ரோட்டுக்கு ஒரு மைல். செருப்பு வாசலில்தான் கிடந்தது. பேராசிரியர் இன்னும் கட்டிலில் உட்கார்ந்துதான் இருந்தார்.